ஆடி முடியட்டும் என்றேன்

மகள் வீட்டு ஏசி முதல்முறை நின்றது ஆடி இரண்டாம் நாள். எனக்கு அது நல்ல ஞாபகம், ஏனென்றால் முதல்நாள் ஆடிப்பிறப்புக்கு மனைவி அவித்த கொழுக்கட்டையில் மிச்சம் என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது.

மகள் இங்கே ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவள். தாதி வேலை. கலியாணம் முடித்த அடுத்த வருடம் அமெரிக்காவில் அரிசோனா என்ற இடத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கூடச் சம்பளத்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டாள். மருமகனுக்குக் கம்பியூட்டர் வேலை, அதை எங்கேயிருந்தும் செய்யலாமாம். ஏசி நிற்க இரண்டு மாதம் முந்தி, வைகாசியில், அங்கே ஒரு பழைய வீடு வாங்கினார்கள். பால் காய்ச்ச நாளும் நேரமும் பார்த்துக் கொடுத்தது நான்தான். நாங்கள் வீடியோவில் பார்த்தோம். பால் பொங்கியது, நல்லபடியாகக் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. பிறகு மருமகன் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சுற்றிக் காட்டினார். வீட்டுக்குப் பின்னால் புல் இல்லை, மரம் இல்லை. கல்லும் மணலும் இரண்டு கள்ளிச் செடியும். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லாத வெளி.

"ஆக்கள் இருக்கிற இடமோ உது?" என்று மனைவி கேட்டாள்.

"அம்மா, இட்ஸ் பியூட்டிஃபுல்," என்றாள் மகள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

நான் பிறம்ரனில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் வேலை. உறைய வைத்த மீன், இறைச்சி, ஐஸ்கிரீம் எல்லாம் அங்கே வந்து லொறியில் போகும். உள்ளே மைனஸ் இருபதில் இருக்கும். தடித்த ஜக்கெட்டும் இரண்டு சோடிக் கையுறையும் போட்டுத்தான் உள்ளே போவது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வெளியே விட்டு உடம்பைச் சூடாக்க வைப்பார்கள். போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது, லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். நல்லகாலம் அன்றைக்கு மகள் எடுத்தது நான் வெளியே சாப்பிட இருந்த நேரம்.

"அப்பா, ஏசி நிண்டிட்டுது. காலமை எழும்பேக்குள்ளயே வீடு தொண்ணூற்று ஒண்டு."

அவர்களுடைய கணக்கு ஃபாரன்ஹைட், எங்களுடைய கணக்கு செல்சியஸ். தொண்ணூற்று ஒன்று என்றதும் எனக்குப் பதறியது. பக்கத்தில் இருந்தவர், எங்களுடைய ஆள்தான், போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, பயப்பிடாதேங்கோ, முப்பத்து மூண்டுதான்," என்றார். முப்பத்து மூன்று என்றதும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் முப்பத்து மூன்றில் பந்தடித்தவர்கள். டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கிற அப்பார்ட்மென்ட் பதினோராம் மாடி, ஏசி இல்லை. கோடையில் இரண்டு ஃபான் போடுவோம், ஈரத்துவாயைக் கழுத்தில் சுற்றுவோம், அவ்வளவுதான். வெயில் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் ஒரு கொம்பனிக்காரன் வந்து பார்த்தான். அங்கே வீட்டு ஏசி நிலத்தில் இல்லை, கூரையில் இருக்கிறது. பின்னேரம் கூரையில் கை வைக்க ஏலாது என்று விடிய ஐந்தரைக்கு ஏறியிருக்கிறான். இறங்கி வந்து இரண்டு வழி சொன்னான். மிஷினுக்குப் பதினெட்டு வயது, காஸ் ஒழுகுகிறது. காஸ் அடைத்து ஒரு சாமானையும் மாற்றிவிடலாம், ஆயிரத்துச் சொச்சம் டொலர் போகும், எத்தனை நாளைக்கு நிற்கும் என்று சொல்லமாட்டான். இல்லாவிட்டால் புதுசு. அதற்குக் கிரேன் பிடித்துப் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றவேண்டும், முகட்டுக்குள் ஓடுகிற குழாய்களையும் பாதி மாற்றவேண்டும். எல்லாமாகப் பதினாறாயிரம்.

மருமகன்தான் இதை எனக்குச் சொன்னார்.

"அஞ்சு தொன் மிஷின் போடோணுமாம் மாமா."

"அஞ்சு தொன்னோ? கூரை தாங்குமோ தம்பி?"

"நிறை இல்லை மாமா. எவ்வளவு குளிர் தரும் எண்டதுக்கு உள்ள அளவு."

"குளிரையும் நிறுத்தோ விக்கிறாங்கள்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு அவர் கேட்டார், "என்ன செய்வம் மாமா?"

அந்த இடத்தில் நான் "எனக்கு உது விளங்காது, நீங்களே பாருங்கோ" என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கார் வாங்கினாலும், கட்டில் வாங்கினாலும், பிள்ளைக்குக் காது குத்தினாலும் என்னைக் கேட்பார்கள். கோயிலில் தந்த பஞ்சாங்கக் கலண்டர் குசினிச் சுவரில் தொங்குகிறது. நான் எழுந்துபோய்ப் பார்த்துச் சொல்லுவேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பிள்ளைகள் கேட்டு வருகிற விஷயம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர்கள்தான் எனக்குச் சொல்லித் தருகிறார்கள்.

"ஆடி எல்லோ தம்பி," என்றேன். "வீடு குடிபுகுந்து முதல் வருசம். பிள்ளையும் வயித்தில. ஆடியில புதுசா ஒண்டும் வீட்டில ஏத்திறேல்லை. திருத்திறது எண்டாப் பிழையில்லை. இருக்கிறதைத் தானே திருத்திறது. ஆடி முடியட்டும், ஆவணி பிறந்த உடனை நல்ல நாள் பாத்துத் தாறன், புதுசைப் பூட்டுங்கோ."

அவர் உடனேயே ஓம் என்றார். கொஞ்சம் கெதியாகவே ஓம் என்றார். எனக்கு அது மரியாதையாகப் பட்டது.

திருத்தினார்கள். வீடு குளிர்ந்தது. மகள் போனைக் கூரைப்பக்கம் உயர்த்திப் பிடித்து, "கேக்குதா அப்பா?" என்று அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தாள். கிர்ரென்று ஒரே சீரான சத்தம். பிறகு வந்த நாட்களில் எப்போது எடுத்தாலும் அவள் குரலுக்குப் பின்னால் அது கேட்கும். காலை, மத்தியானம், பின்னேரம், ஒரு நேரமும் நிற்காது. நல்லாய் வேலை செய்கிறது என்று நான் சந்தோசப்பட்டேன். நல்ல மிஷின் என்றால் வீட்டைக் குளிராக்கிவிட்டு இடைக்கிடை ஓய வேண்டும், ஓயாமல் ஓடுகிறது என்றால் அதற்கு ஏலாமல் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மகள் அந்த நாட்களில் சிரித்துச் சிரித்துத்தான் கதைத்தாள். குளிர்த்தண்ணிக் குழாயைத் திறந்தால் சுடுதண்ணி வருகிறதாம். கார் ஸ்டியரிங்கைத் திருப்பக் கையுறை போடுகிறார்களாம். "உங்கட ஃப்ரீஸர் குளவ்ஸ் ஒரு சோடி அனுப்புங்கோ அப்பா," என்றாள். சாமி அறையில் தட்டில் வைத்த கற்பூரம் கொளுத்தாமலே குறைந்து போகிறது என்று ஒருநாள் சொன்னாள். அதை மட்டும் மனைவி திரும்பவும் கேட்டாள்.

"கொளுத்தாமலோ?"

"ஓம் அம்மா. வெக்கைக்கு ஆவியாப் போகுது. சயன்ஸ்."

மனைவி போனை வைத்துவிட்டு எங்கள் சாமித் தட்டில் இருந்த கற்பூரத்தை எடுத்துப் பார்த்தாள். நான் என்ன என்று கேட்டேன்.

"அவளுக்கு உங்கட சொல்லுப் பெரிசு," என்றாள். "அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

"என்ன பயம்? நான் கூடாததையே சொல்லுறன்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

அந்தத் திருத்தக்காரன் மகளிடம் இன்னொரு விஷயமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதை மகள் தாயிடம் மட்டும் சொல்லியிருந்தாள், எனக்குச் சொல்ல வேண்டாம் என்று; எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போன கிழமை அவர்கள் ஒரு வீட்டுக்குப் புதிய மிஷினைக் கொண்டுபோய் இறக்கினார்களாம். கதவைத் திறக்க ஆள் உயிரோடு இல்லை. தனியாக இருந்த மனிதர். விலை கேட்டு, யோசித்து, மூன்று நாள் கழித்துத்தான் சரி என்று சொன்னவராம்.

இரண்டு கிழமை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் நின்றது. இந்த முறை காஸ் அடைத்துப் பிரயோசனம் இல்லை, மிஷினின் நெஞ்சே போய்விட்டது என்று சொன்னார்கள். வெளியே அவர்களுடைய கணக்கில் நூற்றுப் பதினைந்து. எங்கள் கணக்குக்கு நாற்பத்தாறு. அந்த இலக்கத்தை நான் அப்போதுதான் தட்டிப் பார்த்தேன்.

ஊர் முழுக்க மிஷின்கள் விழுந்துகொண்டிருந்ததால் கிரேனுக்கு வரிசை. கொம்பனிக்காரன் எட்டு நாள் என்றான், வேறொருவன் இன்னும் நாலாயிரம் கூடத் தந்தால் நாளையே வருகிறேன் என்றான். ஆவணி பிறக்க இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

"எட்டு நாளெண்டாலும் ஆடிக்குள்ளதான் வருது," என்றேன் நான்.

போனில் மூன்று பேரும் இருந்தோம்.

"சின்ன மிஷின் ஒண்டு விக்கிறாங்கள் மாமா, உருட்டிக்கொண்டு திரியிறது," என்றார் மருமகன். "ஒரு அறைக்குக் காணும். அதை வாங்கி வைச்சுச் சமாளிக்கலாம்."

"அது புதுசெல்லோ," என்றாள் மகள், பகிடியாகத்தான்.

"அது வீட்டில பூட்டிறேல்லைப் பிள்ளை," என்றேன். "அது ஃபான் மாதிரி."

இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. எது புதுசு, எது திருத்தம், எது பூட்டுவது, எது உருட்டுவது என்று நான் அன்றைக்குச் சட்டத்தரணி மாதிரிப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். மகள் கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வேலை, அங்கே குளிர். மற்ற நான்கு நாளும் அந்த ஒரு அறைக்குள். அவள் வேலைக்குப் போகிற நாட்களை நான் கலண்டரில் பேனையால் வட்டம் போட்டு வைத்தேன். வட்டம் உள்ள நாட்களில் நித்திரை வந்தது. வட்டம் இல்லாத நாட்களில் வேலையிடத்தில் மீன் பெட்டி தூக்கும்போதுகூட லொக்கரில் பூட்டிய போனையே நினைத்துக்கொண்டிருந்தேன். மகமாயியை நினைத்துக்கொண்டேன். ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குப் பால் கொண்டுபோனோம். அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று மன்றாடினேன். பார்த்துக்கொள்ளத்தான் அம்மன் அங்கே ஒரு கிரேனையும் நான்கு மனிதரையும் வைத்திருந்தாள் என்று எனக்குப் படவில்லை.

வியாழக்கிழமை வட்டம் இல்லாத நாள். பதினொன்றே முக்காலுக்கு நான் குளிர் அறையிலிருந்து வெளியே வந்து லொக்கரைத் திறந்தேன். மகளின் போன் மூன்றுதரம் வந்திருந்தது, மூன்றும் பத்துமணிக்கும் பத்தரைக்கும் இடையில். அங்கே அது காலை ஏழு. விரல் விறைத்துப்போய், திரையில் அழுத்த அழுத்த அது எடுக்கவில்லை. கையை வாயில் வைத்து ஊதிவிட்டுத் திரும்ப எடுத்தேன்.

"ஒண்டுமில்லை அப்பா. கொம்பனிக்காரர் எடுத்தவங்கள். ஆரோ கான்சல் பண்ணிட்டினமாம், இண்டைக்கே கிரேனோட வரலாம், அரை மணித்தியாலத்தில சொல்லோணும் எண்டவங்கள். உங்களைக் கேப்பம் எண்டுதான் எடுத்தனான்."

"மருமோன் என்ன சொன்னவர்?"

"அவருக்கு இண்டைக்கு மீட்டிங், ஆபிஸுக்கு வெளிக்கிட்டிட்டார். அப்பாட்டைக் கேள் எண்டார்."

"இப்ப எடுத்துச் சொல்லு பிள்ளை. வரச் சொல்லு."

"வேற ஆருக்கோ குடுத்திட்டாங்கள் அப்பா. இட்ஸ் ஓகே. எங்கட முறை வரட்டும்."

வரச் சொல் என்று நான் சொன்னது உண்மை. ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்குள் போன் என் கையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். அம்மன் முன்னால் நின்றும் கேட்டேன். எனக்குத் தெரியாது.

அன்று அவர்களுடைய நேரத்துக்குப் பின்னேரம் இரண்டு மணிபோல அந்தச் சின்ன மிஷின் கூட மின்சாரம் இழுத்து, அறையின் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிட்டது. மகள் நித்திரையாக இருந்தாள். சத்தம் நின்றது தெரியவில்லை. அறை சாத்தியிருந்தது, மேற்குப் பக்கத்துச் சுவர். அவள் எழும்பியபோது நாக்கு ஒட்டிப்போய், தலை நிற்காமல், வயிறு இறுக்கி இறுக்கி விட்டுக்கொண்டிருந்தது. தாதியென்றபடியால் அது பிள்ளைப்பேற்று வலி என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டிலைப் பிடித்து நிலத்தில் இறங்கி, தவழ்ந்து தவழ்ந்து குசினி மட்டும் போய்த்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். வாசல் கதவுப் பிடியில் கை வைக்க ஏலாமல் துவாயால் பிடித்துத் திறந்தாளாம்.

மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தபோது நானும் மனைவியும் வீட்டில் இருந்தோம். வெளியில் இன்னும் வெளிச்சம். பால்கனியில் நல்ல காற்று.

"தண்ணி ஏத்துகினம் மாமா. வயித்துக்குத்தை நிப்பாட்ட மருந்து போகுது. நிக்குமோ தெரியாது எண்டு சொல்லுகினம்."

"தம்பி, கூடக் காசு கேட்டவனைக் கூப்பிடுங்கோ. நாளைக்கே பூட்டட்டும்."

"ஓம் மாமா."

"ஆடி கீடி ஒண்டும் பாக்க வேண்டாம்."

அவர் அதற்கும் ஓம் என்றார். பிறகு சொன்னார், "மாமா, உங்களில மட்டும் பிழை இல்லை. எனக்குப் பதினாறாயிரம் எண்டதும் நெஞ்சடைச்சது. நீங்கள் ஆடி எண்டு சொன்னது எனக்கு வசதியாப் போச்சு."

என்னை ஆறுதல்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. நாங்கள் இரண்டு ஆம்பிளைகள், ஒருவன் காசுக்குப் பயந்து, ஒருவன் மாதத்துக்குப் பயந்து, ஒருவரின் பயத்துக்குப் பின்னால் மற்றவர் நின்றிருக்கிறோம். முன்னால் அவள்தான் நின்றாள்.

வெள்ளிக்கிழமை விடியக் கிரேன் வந்து மிஷினை ஏற்றியது. பழைய வீட்டு வயர் காணாது என்று அதற்கும் தனியாகக் காசு எடுத்தார்கள். எல்லாமாக இருபத்தோராயிரத்துக்கு மேலே போனது. நான் அந்த நேரம் கலண்டரைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். கண் தன்பாட்டில் அங்கே போனது. நல்ல நேரம் இல்லை. வாயைத் திறக்கவில்லை. வீடு குளிர்ந்தது, ஆனால் அந்த வீட்டுக்குள் அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை.

மருந்து இரண்டு நாள் தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை குழந்தை பிறந்துவிட்டது, ஏழரை மாதத்தில். பெண் குழந்தை. மனைவி அதற்கு முதலே பிளேன் ஏறிவிட்டாள். அவள் அனுப்பிய படத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தொப்பிதான் தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளே எவ்வளவு சூடு என்று ஒரு இலக்கம் எரிந்துகொண்டிருந்தது. வெக்கையால்தானோ என்று மருமகன் டொக்டரைக் கேட்டாராம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒருவராலும் சொல்ல ஏலாது என்றாராம்.

அடுத்த சனிக்கிழமை கோயிலுக்குப் போனபோது பூசை செய்கிற ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திருநீற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னட்டை ஏன் நீங்கள் ஒரு சொல்லுக் கேக்கேல்லை? கேட்டிருந்தாப் பூட்டுங்கோ எண்டுதானே சொல்லியிருப்பன். வீட்டுக் கதவு உடைஞ்சா ஆவணி மட்டும் திறந்தோ போடுறது?"

ஏன் கேட்கவில்லை என்று அவருக்கு நான் சொல்லவில்லை. கேட்டால் அவர் வேறு மாதிரிச் சொல்லிவிடக்கூடும் என்று எனக்கு முதலே தெரியும். அதுதான் கேட்கவில்லை.

குழந்தையை ஐந்து கிழமைக்குப் பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். மூச்சில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும், கண்ணையும் காதையும் பிறகு பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு என்றால் எப்போது என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த அன்று மகள் எனக்கு எடுத்துக் காட்டினாள். வழமையாக என்றால் எத்தனை மணிக்குக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று ஒரு கிழமைக்கு முன்பே என்னைக் கேட்டிருப்பாள். வந்த பிறகுதான் எடுத்தாள்.

குழந்தையைப் பார்த்து அழுது முடிந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, நான் கேட்டேன்.

"பிள்ளைக்குச் சாதகம் எழுதக் குடுக்கோணும். எத்தினை மணிக்குப் பிறந்தது?"

"காலமை அப்பா."

"காலமை எண்டா எத்தினை மணி? நிமிசமும் வேணும் பிள்ளை."

"காலமைதான் அப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். "அவளுக்குப் பால் குடுக்கோணும். வைக்கிறன்."

பின்னேரம், இன்னும் அங்கேயே நின்ற மனைவிக்கு எடுத்துக் கேட்டேன். அவள் பிள்ளைப்பேற்று அறைக்குள்ளேயே நின்றவள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா அப்பாக்குச் சொல்லாதேங்கோ எண்டு பிள்ளை கேட்டவள்."

"நான் தாத்தன் எல்லோ."

"ஓம்," என்றாள் மனைவி. பிறகு, சாப்பிட்டீங்களா, போகமுதல் உறைய வைத்த கறியை முடித்தீங்களா என்று கேட்டாள். முடித்துவிட்டேன் என்றேன்.